வெறியாட்டும் வெள்ளைத்தாளும்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் உடல் மெலிந்து, வளை கழன்று, நெற்றி பசந்தால் வீட்டில் மூன்று பேர் கவலைப்படுகிறார்கள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்கிறாள். வேலன் கழங்கு உருட்டி, இது முருகனால் வந்தது என்று அறிவித்து, களம் அமைத்து, மறி அறுத்து ஆடுகிறான். தாய் இவர்கள் இருவரையும் நம்புகிறாள். மூவரும் தலைவியின் உடலைப் பார்க்கிறார்கள். ஒருவரும் அவளிடம் கேட்பதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தவள் தோழி ஒருத்தி மட்டும்தான்.

கல்லூரியில் இந்தப் பாடல்களை 'வெறி விலக்கல்' என்ற துறையாக நடத்துகிறோம். மாணவிகள் அதை இரண்டு மதிப்பெண் விடையாக எழுதிவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுகிறார்கள். காதல் நோயும் மனநோயும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பசலையை இன்றைய மருத்துவப் பெயர்களோடு பொருத்திக் காட்டுவது என் நோக்கமும் அல்ல. ஒரு பெண் துன்புறும்போது அந்தத் துன்பத்துக்கு யார் பெயர் வைக்கிறார்கள், அவளை யார் கேட்கிறார்கள், கேட்டதை யாரிடம் கொண்டுபோகிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளை இந்தப் பாடல்கள் மிகத் துல்லியமாக எழுப்புகின்றன. மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்கிற இந்தக் காலத்தில் அவற்றை மறுபடியும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனிடமே பேசுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நிற்கிறாயே, கடவுளாக இருந்தாலும் உனக்கு அறிவில்லை என்கிறாள். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையாரின் தோழி, குறி சொல்லும் அகவன் மகளை நிறுத்தச் சொல்வதில்லை. இன்னும் பாடு, அந்தக் குன்றத்தைப் பற்றி மறுபடியும் பாடு என்று கேட்கிறாள். எந்தக் குன்றம், யாருடைய குன்றம் என்று தாய்க்குச் சந்தேகம் வந்தால் போதும், உண்மைக்கு வழி திறந்துவிடும். அகநானூற்றின் 22ஆம் பாட்டில் வேலனின் ஆட்டம் வீணானதை நினைத்துத் தலைவியே சிரிக்கிறாள். அதைப் பாடிய பெண்பாற் புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர். தவறான நோய்க்கணிப்பைப் பார்த்துச் சிரிக்கவும், அதை மறுக்கவும், அதையே கருவியாக்கவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெண் குரல்கள் தமிழில் இருந்திருக்கின்றன.

தோழியின் மிகப் பெரிய செயல் அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்கிறாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்கிறார்கள். தொல்காப்பியம் இதை ஏழு வகையாகப் பிரிக்கிறது. அதற்குரிய காலம் வந்தாலன்றித் தோழி மறையை வெளியிடும் மரபு இல்லை என்றும் சொல்கிறது. இதை நாம் வெறும் களவொழுக்கத்தின் ஒரு கட்டமாகப் படிக்கிறோம். எனக்கு இது ஒரு தொழில்நுணுக்கமாகத் தெரிகிறது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லில் சொன்னால் கேட்பவர் அடிக்காமல் கேட்பார் என்று எண்ணி எண்ணிச் செய்யும் வேலை அது. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று தோழி நம்புவதில்லை. தவறான ஆளிடம் சொன்னால் தலைவிக்கு இற்செறிப்புத்தான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த அறிவுதான் இன்றைய மனநலப் பிரச்சாரங்களில் காணாமல் போயிருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 10 உலக மனநல நாளில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். பேச வேண்டிய கடமை முழுவதும் துன்பப்படுகிறவள் தலையில் விழுகிறது. பேசினால் என்ன ஆகும் என்பதைச் சுவரொட்டி சொல்வதில்லை. ஒரு கல்லூரி மாணவி, இரவில் தூக்கம் வரவில்லை, உயிரோடு இருப்பதே சலிப்பாக இருக்கிறது என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பு நம் மேல் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் விடுதி உடனே அப்பாவுக்குத் தொலைபேசுகிறது. அப்பா வந்து பெட்டியோடு அழைத்துப் போகிறார். ஒரு பருவம் போகிறது. பிறகு, கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் பெரியவர் யாராவது சொல்கிறார்கள். பதினேழு ஆண்டு ஆசிரியப் பணியில் இப்படிப் போன மாணவிகள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் மனம் விட்டுப் பேசியவர்கள்தாம்.

சங்கத் தோழியும் திருமணத்தைத்தானே மருந்தாகக் கேட்கிறாள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கிறாள், ஆனால் தலைவி தானே தேர்ந்தவனோடு நடக்கும் திருமணத்தை. நம் வீடுகளில் வேலனின் வேலையைத்தான் திருமணம் செய்கிறது. அவளைக் கேட்காமலே அவளுக்கு நோய் பார்த்து, அவளைக் கேட்காமலே பலி கொடுக்கிறது.

பேசுவதற்கு முதலில் சொல் வேண்டும். நம்மிடம் இருக்கும் சொற்களைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். செய்தித்தாள்கள் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் 'டிப்ரஷன்' என்பதற்கும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை எழுதுகின்றன. தேர்வுக்கு முந்திய நாள் படபடப்பும் மாதக்கணக்கில் எழ முடியாமல் கிடப்பதும் ஒரே பெயரில் வந்தால், 'எனக்கும்தான் மன அழுத்தம், நான் சமைக்கலையா' என்று மாமியார் கேட்பதில் தவறு காண முடியாது. மனச்சோர்வு என்ற சொல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது பேச்சில் இன்னும் ஊறவில்லை. மறுபக்கம், பைத்தியம், மெண்டல், கீழ்ப்பாக்கம் கேஸ் என்பவை தயாராக நாக்கில் இருக்கின்றன. ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே வசையாக்கி, அதைத் திரைப்பட நகைச்சுவையில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு அடைக்குது. கை கால் ஓய்ஞ்சு போச்சு. ஒரு மாதிரியா வருது. தலை கனக்குது. எதுவும் ஓடல. இதை விழிப்புணர்வின்மை என்று ஒதுக்குவது எளிது. தலைவலி என்றால் மாத்திரை கிடைக்கும், அரை மணி நேரம் படுக்கலாம். மனசு வலிக்கிறது என்றால் எதுவும் கிடைக்காது. கிடைக்கக் கூடியதைக் கேட்கும் மொழி அது. வளை கழன்றது என்று சொன்னவளும் அதைத்தான் செய்தாள்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரில் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டம் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. சுகாதார நிலையங்களுக்கு வெளியே ஒரு மர இருக்கை. அதில் பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர் அமர்ந்திருப்பார். வருகிறவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அங்கே மருத்துவப் பெயர் எதையும் முன்வைப்பதில்லை. ஷோனா மொழியில் மக்கள் ஏற்கெனவே சொல்லி வந்த 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்ற பொருளுள்ள 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. 2016இல் வெளியான ஒப்பீட்டாய்வில், இந்த இருக்கைக்கு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்திருந்தன. 'எதையோ யோசிச்சுக்கிட்டே கிடக்கா' என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். அதே சொல்தான். பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை.

ஆள் இருந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. தோழியைக் கொண்டாடி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்த வீட்டில் அவள் நிலை தலைவியின் நிலை அல்ல. அகப்பாடல்களில் நூற்றுக்கணக்கான கூற்றுகள் அவளுடையவை. ஆனால் அவளுடைய சொந்த நோய் என்று ஒரு பாட்டுகூட இல்லை. அவளுக்கு யாரையாவது பிடித்திருந்ததா, அவள் எப்போதாவது உறங்காமல் கிடந்தாளா என்று எந்தத் துறையும் கேட்கவில்லை. வெறி விலக்கல் நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசையில் அதிகம் பேசாமல் இருக்கும் மாணவி எழுந்து, "மேம், தோழிக்கு யாரு தோழி?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வீட்டில் நோயுற்ற அக்காவைப் பார்த்துக்கொள்பவள் அவள் என்று பின்னால் தெரிந்தது. இருபது ஆண்டாக அகப்பொருள் படித்தும் அந்தக் கேள்வியை எந்த ஆய்வேட்டிலும் நான் பார்த்ததில்லை.

திருமணத்துக்குப் பின் நிலைமை இன்னும் கடினமாகிறது. கற்பு வாழ்க்கையில் ஊடலைத் தீர்க்க வருபவர்களைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் பன்னிரண்டு பேர். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்காகப் பேச வருபவர்கள் அவர்கள். தோழி சில பாடல்களில் வாயில் மறுக்கிறாள் என்பது உண்மை. ஆனால் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். களவில் தலைவியின் சொல்லை வெளியே கொண்டுபோனவள், கற்பில் தலைவனின் சொல்லை உள்ளே கொண்டுவருகிறாள். பன்னிரண்டு வாசல்களும் ஒரே பக்கமாகத் திறக்கின்றன. 'அனுசரிச்சுப் போம்மா' என்று இன்று சொல்ல வரும் அத்தை, சித்தி, அண்ணி, பக்கத்து வீட்டக்கா எல்லோரும் அந்தப் பட்டியலின் வாரிசுகள்.

அதன் விளைவை எண்ணாகவும் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,000க்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். பாதிக்கும் மேல். குடும்பம் பாதுகாப்பானது, வீட்டோடு இருப்பவளுக்கு என்ன குறை என்ற பொதுப்புத்திக்கு இந்த ஒரு வரி போதுமான பதில்.

மனநல உரையாடல்களில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'கம்யூனிட்டி சப்போர்ட்'. அதைச் சமூக ஆதரவு என்று மொழிபெயர்க்கிறோம். நம் ஊரில் 'என்ன கம்யூனிட்டி?' என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாதியை. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். எனவே சமூகத்தின் ஆதரவைத் தேடுங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது எந்தச் சமூகத்தை என்று கேட்டே ஆக வேண்டும். காதலித்ததற்காக அவளைக் கொல்லத் தேடும் சமூகமா? மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது என்று மருந்துச்சீட்டை ஒளிக்க வைக்கும் சமூகமா?

இந்த இடத்தில் பாமாவின் 'சங்கதி' எனக்குப் பெரிய துணை. 1994இல் வந்த அந்த நூலில் மாரியம்மா என்ற பெண்ணிடம் நிலக்காரர் ஒருவர் தவறாக நடக்க முயல்கிறார். அவர் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழி போடுகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. அவளுடைய சொந்தச் சாதி ஆண்கள் அவளையே குற்றவாளியாக்கி, அவளோடு சேர்த்துப் பழி சுமத்தப்பட்டவனைவிட அவளுக்கே கூடுதல் அபராதம் போடுகிறார்கள். பேச முயலும் பெண்கள் அதட்டி அடக்கப்படுகிறார்கள். சமூகம் என்று நாம் மென்மையாகச் சொல்வது பல நேரம் இந்தக் கூட்டத்தைத்தான்.

அதே நூல் பேய் பற்றியும் பேசுகிறது. பேய் ஏன் பெண்களையே பிடிக்கிறது, அதிலும் ஏன் எங்கள் தெருப் பெண்களையே பிடிக்கிறது என்று கதைசொல்லி கேட்கிறாள். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, இரவில் கணவனின் அடி, படுத்து உறங்கக்கூட நேரமில்லாத வாழ்வு என்று அவள் யோசனை போகிறது. வேலன் முருகன் என்றான். பேயோட்டி முனி என்கிறான். இங்கே வெறி விலக்குபவள் உழைக்கும் பெண்களின் தெருவிலிருந்தே வருகிறாள். சாதியையும் உழைப்பையும் விட்டுவிட்டு மனநலம் பேச முடியாது என்பதை எந்தக் கோட்பாட்டுச் சொல்லும் இல்லாமல் பாமா காட்டிவிடுகிறார். 'சங்கதி'யின் வடிவத்தையும் கவனியுங்கள். அதில் ஒற்றை நாயகி கிடையாது. பாட்டி சொல்கிறாள், பேத்தி கேட்கிறாள், வேலைக்குப் போகும் வழியில் பெண்கள் பேசுகிறார்கள், ஏசுகிறார்கள், சிரிக்கிறார்கள். சொல்பவள் கேட்பவளாகவும் கேட்பவள் சொல்பவளாகவும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அகப்பாடல் தோழிக்குக் கிடைக்காத முறைமாற்றம் இந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்படி ஓர் இடமாக ஆகியிருக்கலாம். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் பெண்களை வாராவாரம் ஒரே இடத்தில் உட்கார வைத்தன. அது சிறிய சாதனை இல்லை. ஆனால் பேச்சு தவணையைச் சுற்றியே சுழன்றது. பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்கள் கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரியையே வசூலிக்க அனுப்பின. பெண்களைக் கூட்டினால் மட்டும் ஆதரவு விளைந்துவிடாது. கூட்டம் எதற்காகக் கூடுகிறது, யாருக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

கேட்பவர் யாருமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நள்ளிரவில் ஊர் உறங்க, தன் நோயை அறியாத அந்த ஊரை முட்டுவதா கூவுவதா என்று தவிக்கும் பெண்ணைக் குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையார் எழுதியிருக்கிறார். ஏர்வாடிக்குப் பின் அந்தப் பாட்டை வெறும் பிரிவுத்துயர் என்று என்னால் நடத்த முடிவதில்லை.

ஏர்வாடிக்கு அனுப்பியவை குடும்பங்கள்தாம் என்று குடும்பங்களைத் திட்டிவிட்டு நகர்வதும் எளிது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயும் மணமுறிவும் சேர்ந்து வாய்த்த பெண்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவர்கள் விலகிய பின் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோர். நோயின் களங்கத்தைவிட வாழாவெட்டி என்ற களங்கம் அவர்களுக்குக் கூடுதலாக வலித்தது. தங்களுக்குப் பின் இவளை யார் பார்ப்பார்கள் என்பது அந்தப் பெற்றோரின் கேள்வி. அதற்கு விடை சொல்லாத எந்த மனநலப் பேச்சும் பாதிப் பேச்சுத்தான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. நோயாளி சொன்னவற்றை மருத்துவர்கள் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று முடிவு செய்துவிட முடியாது என்றும் சொல்கிறது. விவாகரத்து வழக்குகளில் பெண்ணின் பழைய மருந்துச்சீட்டை ஆயுதமாகத் தூக்கும் நாட்டில் இந்த வரியை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றைவிட என்னை நிறுத்தியது 14ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பிய எவரும், சிகிச்சைக் காலத்தில் தனக்குத் துணையாக நின்று முடிவெடுக்க உதவும் பிரதிநிதி ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். அவர் கணவராகவோ தந்தையாகவோ இருக்க வேண்டியதில்லை. அதே போலப் பதினெட்டு வயது நிரம்பிய, சம்மதிக்கிற, பொறுப்பை ஏற்கக் கூடிய எவராகவும் இருக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நாமினி என்றதும் நமக்கு வங்கிக் கணக்கும் காப்பீடும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த நாமினி, நாம் உயிரோடு இருக்கும்போது நம் விருப்பத்தை நினைவில் வைத்துப் பேசுகிறவள். தோழிக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் உறவினருக்கே போகும்.

வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் முதலில் கேட்பது, எந்தத் தோழி அவ்வளவு பொறுப்பு எடுப்பாள் என்பதுதான். சரியான கேள்வி. ஒருத்தி தனியாகச் சுமக்கக் கூடாது என்பதுதான் அதற்கு என் பதில். நான்கைந்து பேர் சேர்ந்த சிறு வட்டம் வேண்டும். அதற்கு அறத்தொடு நிற்றலின் விதிகளைக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். அவள் சம்மதமின்றி அவள் சொன்னதை வெளியே கொண்டுபோவதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டே வெளியே உதவி தேடுவது. நோய்க்கு நாமாகப் பெயர் வைப்பதில்லை. மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் ஒருத்தி கூடவே போவது. இரவில் யாரும் எடுக்காத நேரத்தில் அழைக்க 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எல்லோர் செல்பேசியிலும் பதிந்து வைப்பது. அங்கே தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கேட்டுக் களைத்தவள் தன் முறை வரும்போது சொல்லவும், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் நாம் இன்னொரு தோழியைத்தான் உருவாக்கியிருப்போம், அவளுக்கும் பாட்டு இருக்காது.

அகப்பொருள் நடத்தும் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெறி விலக்கல் பாடத்தை முடிக்கும் நாளில் பத்து நிமிடம் மிச்சம் வைத்து, இந்த வெள்ளைத்தாளைப் பற்றி மாணவிகளிடம் சொல்லுங்கள். யார் பெயரை எழுதுவார்கள் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். பெயர் எழுத யாரும் இல்லாதவள் வகுப்பில் ஒருத்தியாவது இருப்பாள். அவளை நாம் அறிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.